வால் வரும்வரை

முதல் திருப்பத்திலேயே ப்ரூஃப்காரரை இறக்கி நிறுத்திவிட்டாள் வழிகாட்டி.

"சார், நீங்க இங்கேயே நில்லுங்க. இடது கையை இப்படி நீட்டிக்குங்க. பின்னால வர்றவங்க உங்களைப் பார்த்துத்தான் திரும்புவாங்க."

"நான் எதுக்கு?"

"எனக்கு அடுத்து நீங்கதானே சார் வந்தீங்க."

அது உண்மைதான். சைக்கிள் கடையில் கடைசி ஆளாக ஏறியவர், முதல் திருப்பம் வருவதற்குள் எல்லோரையும் முந்தி, ஒரு பெண்மணியின் கூடையை உரசி, வழிகாட்டியின் பின்சக்கரத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்தால்தான் வழிகாட்டி சொல்வது முழுதாகக் காதில் விழும். முழுதாக விழுந்தால்தான் எங்கே தப்பு என்று தெரியும்.

விதியை அவள் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். இது பழைய நகரம். சந்துகள் குடல் மாதிரி மடங்கிக் கிடக்கும். பின்தங்கியவர் தொலைந்துபோவார். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் தனக்கு அடுத்து வருகிறவர் நின்று கை காட்ட வேண்டும். எல்லோருக்கும் பின்னால் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் வருவார். அவர்தான் வால். வால் கடந்துபோன பிறகு, நின்றவர் கிளம்பலாம். அதுவரை நகரக் கூடாது.

ப்ரூஃப்காரர் கையை நீட்டினார். அவர் மனைவி மணி அடித்துக்கொண்டு கடந்து போனாள். அவளுக்குப் பின்னால் அவள் தங்கை.

"கை வளையுது அத்தான். நேராப் பிடிங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள் தங்கை.

ப்ரூஃப்காரர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதே பிழைப்பு. ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அவர் தப்புகளுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. திருமண அழைப்பிதழ் வந்தால் சிவப்பு மையில் திருத்தி, அழைத்தவருக்கே திருப்பி அனுப்பினார். கண் டாக்டர் படிக்கச் சொன்ன பலகையில் வாக்கியமே அமையவில்லை என்றார்.

ஊர் சுற்றப் போனால் இன்னும் மோசம். ஒரு கோட்டையில் சுற்றிக் காட்டியவரிடம் தளபதி செத்த வருடத்தைத் திருத்தினார். அந்த மனிதர் கைவிளக்கை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை நீங்களே சொல்லுங்கள், நான் வெளியே இருக்கிறேன் என்று போய்விட்டார். நின்ற இடம் சுரங்கப்பாதை. இன்னொரு முறை படகுக்காரரைத் திருத்தினார். படகுக்காரர் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, கரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அப்போது நடு ஆறு.

கரைக்கு எப்படியோ வந்து சேர்ந்ததும் மனைவி சொன்னாள், இனிமேல் உங்களோடு தெருக்கோடிக் கடைக்குக்கூட வரமாட்டேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகளுக்கு இது தெரியாது. அப்பா அம்மாவுக்காக அவள் ஒரு பயணம் ஏற்பாடு செய்துவிட்டாள். ஐந்து பழைய நகரங்கள், இரண்டு பேருக்கு இடம். ப்ரூஃப்காரர் வரைபடங்களைக் கட்டிலில் விரித்தார். படுக்க இடம் இல்லாமல் தரையில் படுத்தார். தெருப் பெயர்களைத் தூக்கத்தில் முணுமுணுத்தார். வாழ்க்கையில் வேறு எதற்கும் அவர் இப்படி ஏங்கியதில்லை.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சைக்கிள் டூர் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீங்க திருத்தினாலும், அந்த இன்னொரு சீட்டுல என் தங்கச்சி உக்காருவா."

"வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு," என்றார்.

"சாவியையும் என்கிட்ட கொடுங்க."

தங்கை அன்று மாலையே பெட்டி வாங்கிவிட்டாள். இன்றைய பரீட்சைக்கு மேற்பார்வையும் அவளே.

வால் வந்தது. தொப்பை வைத்த ஆரஞ்சுச் சட்டை, ஆப்பிள் கடித்துக்கொண்டே வந்து, போகலாம் சார் என்று தலையசைத்தது. ப்ரூஃப்காரர் மிதித்த மிதியில் சங்கிலி அலறியது. மணிக்கூண்டை அடைந்தபோது வழிகாட்டி முடித்துக்கொண்டிருந்தாள்.

"…அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் இந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னாலயே ஓடுது. யாருக்கும் சரி பண்ணத் துணிச்சல் வரலை."

எல்லோரும் சிரித்தார்கள். எதனால் என்று மனைவியிடம் கேட்டார். அது பெரிய கதைங்க என்று அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள்.

அவருக்கு ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. மேலே எங்கேயோ தப்பு இருக்கிறது. கட்டாயம் இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

சரி, இனி முன்னால் போனால்தானே வம்பு என்று நடுவில் நுழைந்துகொண்டார். இப்போது வழிகாட்டிக்கு அடுத்து இருந்தது தங்கை. திருப்பம் வந்தது. தங்கை இறங்கினாள். இறங்கியவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோள்பட்டை வலி, கையைத் தூக்கவே முடியாது, அத்தானுக்குத்தான் தெரியுமே என்றாள்.

அத்தானுக்குத் தெரியாது. போன வாரம் அதே கையால் அந்தப் புதுப் பெட்டியை அலமாரி உச்சியில் தூக்கி வைத்ததுதான் தெரியும். சொன்னால் திருத்தமாகிவிடும். கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

வால் கடந்து, இவர் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தது ஒரு மாளிகை வாசலில்.

"…உடம்பை இங்கதான் புதைச்சாங்க. தலை மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். யாருடைய தலை என்று பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் மெதுவாகக் கேட்டார். இவர் கூடையை உரசியது அந்தப் பெண்மணியைத்தான்.

"அவரோடதுதான்."

"எவரோடது?"

"அதாங்க, பொண்டாட்டி பேச்சைக் கேக்காதவரோடது."

அடுத்து ப்ரூஃப்காரர் கடைசிக்குப் போனார். வாலுக்கு முன்னால், மற்ற எல்லோருக்கும் பின்னால். கடைசி ஆளை யாரும் நிறுத்த முடியாது. கணக்கு சரி. ஆனால் கடைசியில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் மனைவியோடு வந்தவர்கள்.

ஒருவர் படக்காரர். பார்க்கிற கதவை எல்லாம் படம் எடுத்தார். ஒவ்வொரு கதவிலும் மனைவியை நிறுத்தினார். ஒரு அடி தள்ளு, முகத்தைத் தூக்கு, இவ்வளவு சிரிக்காதே. மற்றவர் ஜோக்குக்காரர். யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு ஜோக் வைத்திருந்தார். அதற்கு முதலில் சிரிப்பவரும் அவரே. கடைசியில் சிரிப்பவரும் அவரே.

ப்ரூஃப்காரருக்கு அந்தப் பெண்களை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. இப்படிப்பட்ட ஆண்களோடு எப்படித்தான் ஊர் சுற்றுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டார்.

பழைய நாணயச்சாலையில் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் அவர் காதில் விழுந்தது. அது கட்டப்பட்ட காலத்தை வழிகாட்டி சொன்னாள். ஒரு நூற்றாண்டு தள்ளிச் சொன்னாள்.

ப்ரூஃப்காரரின் வாய் திறந்தது. தங்கை திரும்பிப் பார்த்தாள். மனைவியும் திரும்பிப் பார்த்தாள். திறந்த வாயைச் சும்மா மூட முடியவில்லை. இருமினார். பொய்யாக ஆரம்பித்த இருமல் பாதியில் நிஜமாகி, கண்ணில் நீர் கொட்டி, சைக்கிள் சாய்ந்து, அது படக்காரர் சைக்கிளைச் சாய்த்தது. நாணயச்சாலைக்கே சளி பிடித்துவிட்டதாக ஜோக்குக்காரர் சொன்னார். விழுந்த சைக்கிள்களைப் படக்காரர் படம் எடுத்தார்.

வழிகாட்டி தண்ணீர் கொடுத்தாள். கோபம் இல்லை. தேனாகப் பேசினாள்.

"பின்னால தூசி சார், அதான் இருமல். நீங்க முன்னால வாங்க. நீங்களும் வாங்க சார், முன்னால நல்ல படம் கிடைக்கும். ஜோக் சொல்ற சார், நீங்களும்தான். பின்னால சொன்னா எனக்குக் கேக்க மாட்டேங்குது."

மூன்று ஆண்களும் தலை நிமிர்ந்து முன்னால் போனார்கள்.

தானியக் கிடங்கின் திருப்பத்தில் படக்காரர் நின்றார். பாலத்து முனையில் ஜோக்குக்காரர் நின்றார். அடுத்தது ப்ரூஃப்காரர். முச்சந்தி. அவருக்கு இடப்பக்கச் சந்து கோட்டை வாசலுக்கு ஏறியது. வலப்பக்கச் சந்து ஆற்றை நோக்கி இறங்கியது. எதிரே ஒரு சலவைக் கடை. அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் துருப்பிடித்த பெரிய இரும்பு வளையம் ஒன்று.

பெண்கள் ஒவ்வொருவராகக் கோட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரையும் இன்னும் காணோமே என்றார் ப்ரூஃப்காரர். வாலுக்குப் பஞ்சர், அவர்கள் உதவிக்கு நிற்கிறார்கள், மூன்று பேரும் சேர்ந்து வந்துவிடுவார்கள் என்றாள் வழிகாட்டி.

"கையை மட்டும் இறக்கிடாதீங்க சார். மூணு பேரும் உங்களை நம்பித்தான் வர்றாங்க."

அவர் மனைவி கொஞ்சம் நின்றாள். சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"வெயில் பட்டா நிழல்ல நகர்ந்து நில்லுங்க," என்றாள். "ஆனா இங்கேயே நில்லுங்க."

நின்றார். வால் வரவில்லை.

சலவைக் கடையில் ஒரு சுமை துணி துவைத்து முடித்தார்கள். அடுத்த சுமை போட்டார்கள். இடது கை மரத்துப்போனது. அதை இறக்கி வலது கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அது ஆற்றுச் சந்தைக் காட்டுவது தெரிந்தது. திரும்பி நின்று நீட்டினார். இப்போது கை சரியாகக் கோட்டையைக் காட்டியது. முகம் சுவரைப் பார்த்தது. எங்கே வருகிறார்கள் என்று பார்க்கக் கழுத்தைத் திருகினார்.

கை தப்பாகக் காட்டிய அந்தக் கொஞ்ச நேரத்தில் பீரோவும் கட்டிலும் ஏற்றிய ஒரு லாரி வந்திருந்தது. டிரைவர் கையைப் பார்த்தார். திரும்பினார். ஆற்றுச் சந்து போகப் போகக் குறுகியது. லாரி குறுகவில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவில் புட்டியில் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டது.

பின்னால் எடுங்க என்று ப்ரூஃப்காரர் நின்ற இடத்திலிருந்தே கத்தினார். நகரக் கூடாதே. கத்துகிறவரைப் பார்த்த ரொட்டி வேன்காரர், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து லாரிக்குப் பின்னால் போய் நின்றார். ரொட்டி வேனுக்குப் பின்னால் ஏணி கட்டிய ஒரு மோட்டார் சைக்கிள். இனி யாரும் போகக் கூடாது என்று ப்ரூஃப்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். இரண்டு கைகளையும் தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும் என்று அர்த்தம். மூன்று தெருவிலும் எல்லாம் நின்றது.

நின்றவர்கள் சும்மா இருக்க வேண்டியிருந்தது. கையில் வரைபடம் வைத்திருந்த ஒரு தம்பதி, அந்த இரும்பு வளையம் எதற்கு என்று அவரைக் கேட்டார்கள்.

ப்ரூஃப்காரர் யோசித்தார். வழிகாட்டியைத் திருத்தக் கூடாது. அதுதான் நிபந்தனை. இங்கே வழிகாட்டி இல்லை. ஆகவே திருத்தமும் இல்லை.

பேச ஆரம்பித்தார்.

குதிரையில் ஆரம்பித்தார். குதிரையிலிருந்து லாடத்துக்கு, லாடத்திலிருந்து கொல்லர் தெருவுக்கு, அங்கிருந்து முற்றுகைக்கு. ரொட்டி வேன்காரர் இறங்கி வந்து கேட்டார். லாரி டிரைவர் கதவைத் திறக்க இடமில்லாமல் ஜன்னல் வழியாக வெளியே வந்து கேட்டார். சலவைக் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். ப்ரூஃப்காரர் நீட்டிய கை நீட்டியபடி, முற்றுகையை முறியடித்துக்கொண்டிருந்தார். இடையிடையே தப்பும் வந்தது. திருத்த அங்கே யாரும் இல்லை. திருத்துவதைவிடச் சொல்வது எவ்வளவோ சுகமாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்தார்.

"யாரு உங்களை இங்க நிக்கச் சொன்னது?"

"வழிகாட்டி."

"எதுக்கு?"

"வால் வரணும். அதுவரைக்கும் நகரக் கூடாது."

போலீஸ்காரர் அவருடைய பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "வர்ற மாதிரி ஏதாவது அறிகுறி தெரியுதா?"

"பஞ்சர். வந்துடுவாரு."

"முதல்ல கையை இறக்குங்க."

"இறக்க மாட்டேன். இறக்கினா என் சீட்டுல மச்சினி உக்காந்துடுவா."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சைக்கிளின் கூடையில் கடையின் தொலைபேசி எண் எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் போன் போட்டார். உரத்த குரலில்தான் ஆரம்பித்தார். உங்கள் ஆள் ஒருவர் மூன்று தெருவை அடைத்து வைத்திருக்கிறார் என்றார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஓ," என்றார். "அப்படியாம்மா. சரி சரி. நான் ஒண்ணும் சொல்லலை."

போனை வைத்துவிட்டு ப்ரூஃப்காரரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். அபராதம் போடுவார் என்று எதிர்பார்த்த கூட்டம் ஏமாந்தது. அவரே அந்தக் கையைப் பிடித்து, குடையை மடக்குகிற மாதிரி பக்குவமாக மடக்கி இறக்கிவிட்டார்.

"உங்க வேலை முடிஞ்சிடுச்சாம் சார். ரொம்ப நல்லாச் செஞ்சீங்களாம். மெதுவாப் போங்க. போற வழியில ஒரு சோடா குடிங்க."

காவல்துறையில் இவ்வளவு நாகரிகம் இருக்கும் என்று ப்ரூஃப்காரர் நினைக்கவில்லை. லாரியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூட அவருக்குக் கை அசைத்தார்கள்.

வழி கேட்டுக் கேட்டுச் சைக்கிள் கடைக்கு வந்து சேர்ந்தார். முற்றத்தில் பிரம்பு நாற்காலிகள் போட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவர் மனைவி. கால் மேல் கால் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, ஏதோ ஒரு தலையைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்ததில்லை. அவர் இல்லாத இடங்களில் சிரித்திருக்கலாம்.

அவரைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"கடைசி வரைக்கும் கையை இறக்கலை," என்றார் ப்ரூஃப்காரர். "போலீஸ்தான் இறக்கிச்சு."

"கேள்விப்பட்டேங்க."

"ஒரு வார்த்தை திருத்தலை."

"திருத்தலை. நான்தான் பார்த்தேனே. நீங்க பாஸ்." அவள் கைக்குட்டையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "நாம ரெண்டு பேரும்தான் போறோம்."

ப்ரூஃப்காரர் மச்சினியைப் பார்த்தார். அழுவாள், குறைந்தது முகத்தையாவது சுளிப்பாள் என்று நினைத்தார். அவள் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்து, சந்தோஷமாப் போயிட்டு வாங்க அத்தான், அந்தப் பெட்டியையும் நீங்களே எடுத்துக்குங்க என்றாள். தோல்வியை இவ்வளவு அழகாக ஏற்றுக்கொள்கிறவளையா இத்தனை வருடம் தப்பாக நினைத்தோம் என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்தது.

"அந்த அஞ்சு ஊர்லயும் இதே மாதிரி சைக்கிள் டூர் இருக்கானு விசாரிக்கச் சொல்லி மகளுக்குச் சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

"இருந்தா, திருப்பத்துல நிக்க ஆள் இருக்குனு சொல்லிடு," என்றார். "இதுல எனக்கு இப்ப பழக்கம் வந்துடுச்சு."

"சொல்லிட்டேங்க."

அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். வழிகாட்டி ஜூஸ் கொண்டுவந்தாள். நீட்டி நீட்டி வீங்கிய கையால் வாங்க முடியாமல் மற்ற கையால் வாங்கினார். அப்போதுதான் கவனித்தார். படக்காரரைக் காணோம். ஜோக்குக்காரரையும் காணோம். அவர்களுடைய மனைவிமார் மட்டும் அடுத்தடுத்து உட்கார்ந்து இரண்டாவது கோப்பை குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை வாசல்படியில் உட்கார்ந்து இன்னொரு ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தது.

ப்ரூஃப்காரருக்குப் புரிந்துவிட்டது. வாலைப் பஞ்சரோடு விட்டுவிட்டு இரண்டு பேரும் நழுவியிருக்கிறார்கள். இந்நேரம் எங்காவது நிழலில் உட்கார்ந்து படமும் ஜோக்குமாக இருப்பார்கள். டூரும் முடிந்தது, பரீட்சையும் முடிந்தது, தாராளமாகப் பேசலாம். ஒரு பொறுப்பைக் கொடுத்தால் கடைசி வரை நிற்கத் தெரிய வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இந்தக் காலத்து ஆண்களிடம் அது கிடையாது என்றார். அந்த இரண்டு பெண்களும் ரொம்ப உண்மை என்று தலையாட்டினார்கள்.

கடையின் வேன் டிரைவர் உள்ளே வந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, முற்றத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வழிகாட்டியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, பொண்டாட்டிங்க சொல்லி நிறுத்தி வச்சதுல இவரு ஒருத்தர் தானா வந்துட்டாரு, மிச்சம் ரெண்டு பேரை இப்பவே போய் ஏத்திட்டு வரவா, இல்ல அம்மாங்க ஜூஸ் குடிச்சு முடிக்கட்டுமா?"